விதைக்கு விட்ட மூலை

அத்தியாயம் 19

மழை விட்டு இருபது நாளாகிறது. சுரக்குடியில் இன்னும் யாரும் அதைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை.

தை மாதக் கடைசியில் மூன்று நாள் விடாமல் கொட்டிய மழை அது. அறுப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வயல்களெல்லாம் தண்ணீருக்குள் படுத்துவிட்டன. படுத்த கதிரிலேயே நெல் முளைத்தது. தப்பியது என்று சொல்லிக்கொள்ள ஊரில் ஒரே ஒரு வயல்தான் மிஞ்சியது. அது முத்தையனின் மூன்று மா, சுமாராக ஒரு ஏக்கர்.

எப்படித் தப்பியது என்று ஊருக்குத் தெரியாது. போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மழையின் இரண்டாம் நாள் மத்தியானம், தம்பி கோவிந்தராசு மாமியார் வீட்டுத் துக்கத்துக்குத் திருமருகல் போயிருந்த சமயத்தில், முத்தையன் மண்வெட்டியோடு போய் இருவருக்கும் பொதுவான வரப்பை வெட்டினார். அவருடைய மேட்டு வயலில் நின்ற தண்ணீரெல்லாம் தம்பியின் பள்ளத்து வயலுக்குள் இறங்கியது. தம்பி திரும்பி வருவதற்குள் வெட்டின இடத்தை மண் போட்டு மூடியும் விட்டார். பார்த்தது அவர் மனைவி தையல்நாயகி ஒருத்திதான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இரண்டு வருடமாகிறது. காரணம் எல்லையில் நின்ற ஒரு தென்னை மரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு உங்கள் குடும்பத்தையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

கோவிந்தராசு டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொல்லியிருந்தார். பயிர் இன்சூரன்ஸ் வந்தால் இன்னும் ஒரு வருடம் விவசாயம் பார்ப்பாராம். வராவிட்டால் வயலை மனை போடுகிற ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விடுவாராம். மனைக்காரர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

காலையில் முத்தையனின் மகள் ஓவியா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். வேளாண்மை அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. அலுவலர்கள் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போகும்போது கூடவே போய், அளந்ததையும் நிறுத்ததையும் போனில் பதிவேற்றுவதுதான் அவள் வேலை.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. வயலுக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டுவார்கள். அதற்குள் நிற்கிற நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பார்கள். ஊருக்கு நாலு இடம். எந்த வயல் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். அந்த நாலு சதுரத்தின் சராசரிதான் ஊர் முழுவதற்கும் விளைச்சல். அது குறித்த அளவுக்குக் கீழே போனால் ஊரில் பதிந்தவர்கள் எல்லாருக்கும் இழப்பீடு உண்டு. மேலே நின்றால் ஒருவருக்கும் கிடையாது, முங்கிப்போனவருக்கும் கிடையாது. உன் வயல் எப்படி இருக்கிறது என்று தனியாக வந்து யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்று சதுரம் முடிந்திருந்தது. முளைத்த நெல்லும் தராசுக்கு நெல்தான். அதனால் சராசரி ரொம்பக் கீழே போகவில்லை, எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. நாலாவது சதுரம் எங்கே விழுகிறதோ அதுதான் தீர்ப்பு என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நாலாவது நம்பர் நேத்து சாயந்தரம் வந்துருச்சு. நம்ம வயலுப்பா" என்றாள் ஓவியா.

அடுப்படியிலிருந்து தையல்நாயகி கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

முத்தையன் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று மணிக்கு என்றாள் ஓவியா. அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

"அறுத்து முடிச்ச வயலா இருந்தா?"

ஓவியா டம்ளருக்குள் பார்த்தாள். அவள் சொல்லக் கூடாத விஷயம் அது. சொன்னது வெளியே தெரிந்தால் அந்த ஒப்பந்த வேலையும் போய்விடும். ஆனால் ஊர் முழுக்க முளைத்த கதிரை அவளும்தான் பார்த்தாள். போட்டோ எடுத்ததே அவள்தான்.

"அடுத்த நம்பர் எடுப்பாங்க" என்றாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நம்பர் எதுவானாலும் அது முங்கின வயல்தான்.

முத்தையனின் பொன்மணி நெல் பிந்தி நட்டது. அறுக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். இன்றைக்கே அறுத்தால் பச்சைவாடையோடு வரும், ஈரத்தைக் காட்டி வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். சுரக்குடி புதுச்சேரி மாநிலத்து ஊர்; எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இரண்டு கிலோமீட்டரில் அரசுக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே தமிழ்நாட்டு நிலத்துக்கான சிட்டா கேட்பார்கள், புதுச்சேரி நெல்லுக்கு அங்கே என்ன வேலை? இதெல்லாம் முத்தையனுக்குத் தெரியாததல்ல. பேசாமல் இருந்திருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் இருபது நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி வயல் பக்கம் தலையைத் திருப்பாமலேயே போய் வந்துகொண்டிருந்தார்.

"அறுத்துடுங்க. நம்ம பண்ணுனதுக்கு இதாவது பண்ணுங்க" என்றாள் தையல்நாயகி.

சேற்றில் இறங்குகிற பெல்ட் அறுப்பு மிஷினுக்குக் கோட்டுச்சேரிக்குப் போன் போட்டார் முத்தையன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாது என்று பதில் வந்தது. மிஷின் இல்லையென்றால் ஊரில் ஒரே வழிதான் உண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு காசியம்மா வீட்டுக்குப் போனார்.

நடவு, களையெடுப்பு, அறுப்பு எதுவானாலும் ஆள் கூட்டிக்கொண்டு வருவது காசியம்மாதான். மிஷின் வந்தபிறகு அறுப்பு அவள் கையை விட்டுப் போய் நாலைந்து வருடமாகிவிட்டது. இப்போது நடவும், வருடத்தில் கொஞ்ச நாள் கிடைக்கிற நூறு நாள் வேலையும்தான். முத்தையன் விஷயத்தைச் சொன்னதும், கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துத் துருவைப் பார்த்தாள்.

"ஒரு ஏக்கர மத்தியானத்துக்குள்ள கையால அறுக்கணுமா? இதுக்குத்தான் எங்கள உசுரோட வச்சிருக்கீங்க போலருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஏழரை மணிக்குப் பதினேழு பெண்கள் வயலில் இறங்கினார்கள். பாதிப் பேர் அரிவாளை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் அரை மணி நேரம் கை பழகவில்லை. அப்புறம் பழைய வேகம் வந்தது. அறுத்த அரி பின்னால் வரிசை வரிசையாக விழுந்துகொண்டே போனது.

குனிந்தபடியே காசியம்மா கேட்டாள்: "தம்பி, இந்த இன்சூரன்சு வந்தா எங்களுக்கும் எதுனா உண்டா?"

முத்தையன் கீழே கிடந்த அரியை எடுத்து ஒழுங்காக வைத்தார்.

"தெரியும். வயல் உள்ளவங்களுக்குத்தான். சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றாள். "எல்லாரும் மனைக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் எங்கள நடவுக்கு யாரு கூப்புடுவா? அதுக்குத்தான் வந்தோம்."

வெள்ளத்தில் அவர்களுக்குப் போனது ஒரு மாத வேலை. அதை நிறுத்துப் பார்க்க எந்தச் சதுரமும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பதினேழு பேர் அறுத்த மாதிரி சொந்த வயலைக்கூட யாரும் அறுத்திருக்க மாட்டார்கள்.

பத்து மணி இருக்கும். பேச்சு சட்டென்று நின்றது. முத்தையன் நிமிர்ந்து பார்த்தார்.

பொது வரப்பின் மேல் கோவிந்தராசு நின்றுகொண்டிருந்தார். கைலியை மடித்துக் கட்டி, கையில் அரிவாளோடு. செய்தி ஊருக்குள் பரவிவிட்டிருந்தது. பச்சையாக அறுத்து நட்டப்படுகிறார் முத்தையன், அதுவும் ஊருக்காக, என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருந்தார்கள்.

அவர் நின்ற இடம் எது என்று முத்தையனுக்குத்தான் தெரியும். வெட்டி மூடின இடம் அது. மண் இன்னும் சரியாக இறுகவில்லை. தம்பியின் இடது கால் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. முத்தையன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். 

கோவிந்தராசு குனிந்து மண்ணைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று கேட்டார்.

"கெழக்கால புடி" என்றார் முத்தையன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சு இவ்வளவுதான். தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காசியம்மா சும்மா இருப்பாளா, ஒரு தென்னை மரத்துக்கு இத்தனை நாளா என்று வயலுக்கே கேட்கும்படி ஒரு குரல் விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், கோவிந்தராசும் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தையல்நாயகி புளிச்சோறும் துவையலும் கொண்டுவந்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோவிந்தராசு பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"இன்சூரன்சு மட்டும் வந்துருச்சுன்னா மனைக்காரன வராதன்னு சொல்லிடுவேண்ணே. அம்பது வயசுக்கு மேல பனியன் கம்பெனில போயி நின்னுக்கிட்டு என்னா பண்ணப்போறேன்?"

"வரும். நீ சாப்புடு" என்றார் முத்தையன்.

தம்பி முகத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது அவருக்கு. வாயைத் திறந்தார். தண்ணீர் கேட்டார்.

இரண்டு மணிக்கு வயல் முடிந்தது. கட்டுகள் களத்துக்குப் போயின. காசியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வயலை ஒரு சுற்றுப் பார்த்தாள். வடகிழக்கே சனி மூலையில் ஐந்து குழி, ஒரு சின்ன வீடு கட்டுகிற இடம் அளவுக்கு நெல் அப்படியே நின்றது.

"சனி மூலைய விட்டுட்டியே தம்பி" என்றாள்.

"அது வெதைக்கு விட்டதுக்கா. இன்னும் ஒரு வாரம் முத்தணும்."

"அப்ப சரி" என்றாள் அவள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சுரக்குடியில் முதல் நாற்றை ஊன்றுவதும் சனி மூலையில்தான், விதைக்கு விடுவதும் அங்கேதான். அந்த மூலைக்குக் கூடுதலாக எரு போகும், கலப்பு நெல் தட்டுப்பட்டால் பிடுங்கிவிடுவார்கள், ஆடு மாடு அண்டாது. முற்றாமல் அறுத்த நெல் முளைக்காது. அதனால் விதைக்கு விட்டதில் யாரும் முன்கூட்டி அரிவாள் வைப்பதில்லை. அறுப்பு வேறு, விதை வேறு. அந்த ஐந்து குழியை யாரும் வயல் என்றே கணக்கில் எடுக்கவில்லை. முத்தையன் எடுக்கவில்லை. கோவிந்தராசுவும் எடுக்கவில்லை. நாற்பது வருடமாக வயலிலேயே கிடக்கிற காசியம்மாவுக்கும் தோன்றவில்லை. ஓவியா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் அந்நேரம் அலுவலகத்தில் ஜீப்புக்காகக் காத்திருந்தாள்.

அந்த மூலையை முத்தையன் தனக்காக விடவில்லை. தம்பியின் விதைநெல்லும் வயலோடு முளைத்துப் போய்விட்டது. அடுத்த சம்பாவுக்குத் தம்பியின் மூன்று மாவுக்கு வேண்டிய விதையைக் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்கே வரப்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று மழை விட்ட மறுநாளே முடிவு செய்திருந்தார். வெறுங்கையோடு போய் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஜீப் மூன்று மணிக்குச் சரியாக வந்தது. வேளாண் அலுவலர் அம்மா, இன்சூரன்ஸ் கம்பெனியின் பிரதிநிதி, கடைசியாகப் போனோடு ஓவியா. கூலிக்கு வந்த பெண்கள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. சேதி கேட்டு ஊரிலிருந்தும் பத்து இருபது பேர் வந்து நின்றார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஓவியா வயலில் அறுத்த அடித்தாளைப் பார்த்து மூச்சு விட்டாள். அடுத்த நொடி சனி மூலையைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் முத்தையனுக்கே ஏதோ தப்பு என்று புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை.

அலுவலர் அம்மா வயலைப் பார்த்துவிட்டு, அறுவடை ஆகிவிட்டது, அடுத்த நம்பருக்குப் போகலாம் என்றார். அவரும் இந்த ஜில்லாக்காரர்தான். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

பிரதிநிதி நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூலையைக் காட்டினார்.

"மேடம், அங்க பயிர் நிக்குதே."

"அது வெதைக்கு விட்டதுங்க" என்றார் முத்தையன்.

"சரிங்க ஐயா. ஆனா நம்பர் இதேதானே. இந்த நம்பர்ல பயிர் நிக்கிறப்ப நான் வேற வயலுக்குப் போனா, ஏன் மாத்துனன்னு மேல கேப்பாங்க. ஒங்க ஊர் ரிசல்ட்டே நின்னு போயிடும்."

அலுவலர் அம்மா இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டார். போனை வைத்துவிட்டு முத்தையனைப் பார்க்காமல் ஓவியாவிடம், கயிற்றை எடும்மா என்றார்.

நாலு முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். அந்த ஊரில் அந்த வருடம் விளைந்த நெல்லிலேயே நல்ல நெல் அந்தக் கயிற்றுக்குள் நின்றது. எரு போட்டுக் கலப்புப் பிடுங்கி வளர்த்த நெல், முங்கிப்போன ஊர் நிலம் முழுவதையும் ஒரு சதுரத்துக்குள் பொய்யாக்குகிற நெல். அறுக்க ஆள் கேட்டார்கள். ஆண்கள் யாரும் அசையவில்லை. காசியம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். காலையில் அப்படி வீசின கை இப்போது ஒரு பிடி அறுக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

தார்ப்பாயில் போட்டு அடித்தார்கள். தூற்றினார்கள். சாக்கில் அள்ளித் தராசில் மாட்டினார்கள். எடையைச் சாட்சிகள் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படிக்க வேண்டியவள் ஓவியா.

"பதினாறு கிலோ இருநூறு" என்றாள்.

 எத்தனை கிலோ வந்தால் ஊர் எல்லைக் கோட்டைத் தாண்டும் என்று ஒரு வாரமாக எல்லாரும் பேசிப் பேசி மனப்பாடமாகி இருந்தது. பதினான்கு வந்தாலே தாண்டிவிடும்.

ஓவியாவின் விரல் போன் மேல் நின்றது. பக்கத்தில் பிரதிநிதி நின்றார், எதிரில் தராசு முள் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். காலையில் சொல்லக் கூடாததைச் சொன்னவள் அவள். இப்போது வேறொன்றும் செய்யத் துணிவாளா என்று முத்தையன் பயந்தார்.

"உள்ளதப் போடும்மா" என்றார்.

போட்டாள். போன் ஒரு சின்ன ஒலி எழுப்பியது. அவ்வளவுதான், சுரக்குடியின் அந்த வருடத்து விளைச்சல் முடிவாகிவிட்டது. போகும்போது பிரதிநிதி முத்தையனின் கையைப் பிடித்து, நல்லா வெளஞ்சிருக்குங்க ஐயா என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் முத்தையனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். பச்சையாக அறுத்து நட்டப்பட்டவரை எப்படித் திட்டுவார்கள்? 

கோவிந்தராசு மட்டும் தார்ப்பாய் அருகே நின்றார்.

"அந்த மூலைய ஏண்ணே விட்ட? வீட்லதான் போன வருசத்து வெத இருக்கே ஒனக்கு."

"ஒனக்குத்தாண்டா விட்டேன். ஒன் வெத போயிடுச்சுல்ல."

கோவிந்தராசு சாக்கிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். மீதியைச் சிந்தாமல் சாக்கிலேயே விட்டார்.

"எனக்காகவா?" என்றார். அண்ணன் தோளை ஒரு தடவை அழுத்தினார். "நான்தாண்ணே ரெண்டு வருசமா ஒன்னய தப்பா நெனச்சுட்டேன்."

அரிவாளை எடுத்துக்கொண்டு பொது வரப்பில் ஏறிப் போனார். வெட்டி மூடின இடத்தில் அவர் காலையில் மிதித்த குழி அப்படியே இருந்தது. அதைத் தாண்டித்தான் போனார்.

முத்தையன் அறுத்த தாளில் உட்கார்ந்து அழுதார். வயதான மனிதர் வெட்டவெளியில் அப்படி அழுவதைப் பார்க்க முடியாமல் காசியம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓவியா ஜீப்பில் போகவில்லை. அப்பா பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அவர் எதற்காக அழுகிறார் என்பதில் பாதிதான் அவளுக்குத் தெரியும்.

மீதிப் பாதி தெரிந்த தையல்நாயகி வீட்டில் காத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். அவர் கை கால் கழுவி வந்ததும் காபியை வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை.

"இன்னைக்குச் சொல்லுங்க. நீங்க போகலன்னா நான் போறேன். அந்த மனுசன் ஒங்கள நல்லவருன்னு நெனச்சுக்கிட்டு ஊர விட்டுப் போகக்கூடாது. எனக்குத் தாங்காது."

பரிசோதனைக்கு அறுத்த நெல்லை வயல்காரரிடமே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பதினாறு கிலோவும் சாக்கோடு வாசலில் இருந்தது. முற்றுவதற்கு ஒரு வாரம் முந்தியே அறுத்தது, பாதிகூட முளைக்காது என்று முத்தையனுக்குத் தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு போக அவரால் முடியவில்லை. சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலு வீடு தள்ளித்தான் தம்பி வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோவிந்தராசு உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தன் வாசலுக்கு வந்த சந்தோஷம், அத்தனை துக்கத்திலும், அந்த முகத்தில் தெரிந்தது. உட்காருண்ணே என்று நாற்காலியை நகர்த்தினார்.

முத்தையன் உட்காரவில்லை. சாக்கை இறக்கி வைத்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கோவிந்து, மழையில ஒன் வயலு தானா முங்கல. நான்தான் வரப்ப வெட்டி வுட்டேன். நீ திருமருகலுக்குப் போயிருந்த அன்னைக்கு மத்தியானம்."

சொல்லி முடித்துவிட்டார். இருபது நாளாக நெஞ்சில் கிடந்தது இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

கோவிந்தராசு கையை நாற்காலியின் மேலேயே வைத்திருந்தார். கோபப்படுவார், அடிப்பார் என்றெல்லாம் முத்தையன் எதிர்பார்த்து வந்திருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றார். தம்பி நாற்காலியை மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்ணே" என்றார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "வயலும் போச்சு, ஊரும் போச்சு. எனக்குன்னு வெத எடுத்து வச்ச அண்ணன் ஒருத்தன் இருந்தான்னு நெனச்சுக்கிட்டாவது திருப்பூருக்குப் போயிருப்பேன்."

அவர் உள்ளே போனார். கதவை மூடவில்லை. வாசலில் யாரு வந்திருக்காங்க என்று அவர் மனைவி கேட்பது முத்தையன் காதில் விழுந்தது.

"யாருமில்ல" என்றார் கோவிந்தராசு.

வாசலில் சாக்கு இருந்தது. மனைக்காரர் வருகிற வியாழக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது. முத்தையன் சாக்கைத் தூக்கவும் இல்லை, அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.